எண்பது பிளேடும் ஓர் இடது கையும்

ஜெட் இன்ஜின் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் இருப்பது குற்றமே இல்லை. என் மனைவிக்குத் தெரியாது. எங்கள் தெருவில் செருப்புத் தைப்பவருக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு அதைப் பற்றி முழங்குவதில்லை. விமானங்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் எங்கள் ஹாங்கரின் மேலாளர் முழங்குவார். மாதம் இரண்டு முறை, இருபது விருந்தினர்களை வரிசையாகக் கூட்டிவந்து, விமானத்துக்கு முன்னால் நிறுத்தி, கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் முழங்குவார்.

அவருக்கு நாங்கள் வைத்த பேர் ரிப்பன். புதுக் கட்டடமோ புதுக் கழிவறையோ, குறுக்கே ரிப்பன் கட்டி வெட்டாமல் யாரையும் உள்ளே விடமாட்டார். எனக்கும் ஒரு பேர் உண்டு. ரேடியோ. நிறுத்தும் பொத்தான் மட்டும் கெட்டுப்போன ரேடியோ என்று விளக்கம் வேறு. பொறாமை பிடித்தவர்கள்.

நான் இன்ஜின் பரிசோதகன். இருபத்து மூன்று வருஷ சர்வீஸ். என் எண் பொறித்த முத்திரை ஒன்று என் சட்டைப்பையில் இருக்கும். தாளில் அது விழுந்தால்தான் விமானம் வெளியே போகும். என் வேலையைச் சொல்ல வேண்டுமென்றால் இன்ஜினின் வயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்ஜினின் பின்பக்கத்தில், எரிபொருள் எரியும் அறைக்கு அடுத்து, ஒரு சக்கரம் சுற்றும். அதற்கு டர்பைன் என்று பேர். அதன் விளிம்பில் விரல் நீளத்துக்கு எண்பது பிளேடுகள். அவற்றின் மேல் வந்து மோதும் வாயுவின் சூட்டில் அந்த உலோகமே உருகிவிட வேண்டும். உருகாமல் இருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு பிளேடிலும் ஊசித் துளைகள் போட்டு அதன் வழியாகக் காற்றை ஊதுவதுதான். அதைக் குளிர்விக்கும் காற்று என்கிறோம். அந்தக் குளிர்ந்த காற்றில் கையை வைத்தால் கை வெந்துவிடும். அப்படி ஒரு இடத்தில் மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்ஜினைப் பிரிக்காமலே இந்த எண்பதையும் பார்க்க ஒரு வழி இருக்கிறது. நுனியில் கேமரா வைத்த மெல்லிய குழாயை ஒரு துளை வழியாக உள்ளே விட்டு, சின்னத் திரையில் பார்ப்போம். கேமரா நகராது, சக்கரம்தான் நகரும். கீழே ஒருவர் உட்கார்ந்து, கைப்பிடி போட்டு, ஒவ்வொரு பிளேடாகச் சுற்றித் தர வேண்டும். எனக்குச் சுற்றித் தருகிறவன் என் மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி. பதினெட்டு வருஷமாக என்னோடு வேலை பார்க்கிறான். பேசவே மாட்டான். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவதால் அவனுக்கு அவசியம் வரவில்லை.

வெளியே ஜெனரேட்டர் போடும் சத்தத்தில் காது கிழியும். அதனால் இருவரும் காதுமூடி போட்டிருப்போம். எங்களுக்குள் சைகைதான் பேச்சு. வலது கையில் கேமராக் கருவி, இடது கை சும்மா இருக்கும். ஒரு பிளேடைப் பார்த்து முடித்ததும் கருவியிலிருக்கும் பொத்தானை அழுத்துவேன், எண் ஒன்று ஏறும். இடது கையை ஒரு வீசு வீசுவேன். அவன் ஒரு பிளேடு தள்ளுவான், தரையில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போடுவான். அவன் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து என் முகம் தெரியாது. இன்ஜின் மூடி மறைத்துவிடும். என் இடது கை மட்டும்தான் தெரியும். பதினெட்டு வருஷமாக அவன் என் இடது கையைப் பார்த்துத்தான் வேலை செய்கிறான்.

அன்று வெள்ளிக்கிழமை. விமானம் மாலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். மத்தியானம் ஒரு மணிக்கு ஆரம்பித்து, அறுபது பிளேடு வரை ஒரு குறையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அப்போது ரிப்பன் தன் கூட்டத்தோடு வந்து எனக்கு நாலு அடி தள்ளி நின்றார். தோளில் ஸ்பீக்கர். அந்தச் சத்தம் காதுமூடியைத் துளைத்துக்கொண்டு வந்தது.

“இன்ஜின் பின்னால வேகமா காத்த விடும். அந்தக் காத்து, பின்னால இருக்கற காத்து மேல மோதி அதைத் தள்ளும். அந்த எதிர்ப்புல விமானம் முன்னால போயிடும். சுவத்துல கால வச்சு உதைச்சா நாம முன்னால வர்றோம்ல, அதே கதைதான்!”

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. என்ன அநியாயம் இது! பின்னால் எந்தச் சுவர் இருக்கிறது? யார் கட்டினார்கள்? கேட்டுவிட்டுச் சும்மா இருக்க நான் என்ன மரக்கட்டையா? காதுமூடியை இறக்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

“சார், மன்னிக்கணும். பின்னால இருக்கற காத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது,” என்றேன். “காத்த இன்ஜின் பின்னால தூக்கி எறியுது. எறியற வேகத்துக்கு இன்ஜின் முன்னால தள்ளப்படுது. தூக்கி எறியறதுதான் விஷயம், அது போய் எங்க மோதுதுங்கறது இல்ல.”

ரிப்பன் பல்லைக் காட்டினார். கூட்டம் என் பக்கம் திரும்பிவிட்டது. இருபது முகங்கள்! என்னைப் போன்றவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? முன்னால் இருக்கும் பெரிய விசிறி காற்றை இழுக்கிறது என்றேன். அதில் பெரும்பகுதி இன்ஜினின் வயிற்றுக்குள் போகாமலே சுற்றிக்கொண்டு பின்னால் போய்விடுகிறது, விமானத்தைத் தள்ளுகிற வேலையில் பாதிக்கு மேல் அதுதான் செய்கிறது என்றேன். உள்ளே போகிற கொஞ்சக் காற்றை நெருக்கி, எரிபொருளோடு எரித்தால், சூடான வாயு வந்து டர்பைனைச் சுழற்றும், டர்பைன் ஒரே தண்டில் கோத்திருப்பதால் முன்னால் இருக்கும் விசிறியையும் அதுவே சுழற்றும் என்றேன்.

நோட்டு வைத்திருந்த ஒரு அம்மா, ஒரு கையால் செல்போனில் படம் பிடித்துக்கொண்டே கேட்டார். “அப்போ முன்னால இருக்கறது காத்து அனுப்பினாத்தான் பின்னால இருக்கறது சுத்தும். பின்னால இருக்கறது சுத்தினாத்தான் முன்னால இருக்கறது காத்து அனுப்பும். முதல்ல எது சுத்தும்?”

என்ன கேள்வி! இருபத்து மூன்று வருஷத்தில் ஒருத்தர் இதைக் கேட்டிருப்பாரா? மனம் குளிர்ந்துபோய்விட்டது. “நல்லாக் கேட்டீங்கம்மா!” என்றேன். “வீட்டுல நானும் என் மனைவியும் இதே சண்டைதான் போடறோம், யாரால வீடு நடக்குதுன்னு. இங்க ரெண்டும் தானா ஆரம்பிக்காது. விமானத்தோட வாலுல ஒரு குட்டி இன்ஜின் இருக்கு. அது காத்த ஊதி இந்தப் பெரியவரை எழுப்பும். ஓரளவு வேகம் வந்ததும் எரிபொருளை விட்டுத் தீ வைப்போம். அதுக்கப்புறம் இவர் யார் தயவும் இல்லாம தானே சுத்துவார்.”

“குட்டியை யார் எழுப்பறது?”

“பேட்டரி!”

கூட்டம் கை தட்டியது. ரிப்பன் அவர்களைத் தள்ளிக்கொண்டு அடுத்த விமானத்துக்குப் போனார். நான் காதுமூடியை ஏற்றிக்கொண்டு, மிச்சப் பிளேடுகளைப் பார்த்தேன். சிறிது நேரத்தில் கீழேயிருந்து மச்சினன் எழுந்து வந்து, முடிந்தது என்று கை காட்டினான். தரையில் எண்பது கோடு. சக்கரம் முழுச் சுற்று வந்ததைக் காட்டும் கைப்பிடியின் குறியும் ஆரம்பித்த இடத்துக்கு வந்திருந்தது. என் கருவியைப் பார்த்தேன். எழுபத்து நாலு.

ஆறு பிளேடுகள் யார் கண்ணிலும் படாமல் கேமராவைக் கடந்து போயிருந்தன. எந்த ஆறு என்றும் சொல்ல முடியாது. உள்ளே எல்லாம் ஒரே அச்சு.

ரிப்பன் கடிகாரத்தைப் பார்த்தபடி ஓடி வந்தார். “எழுபத்து நாலு நல்லா இருந்தா, மிச்சம் ஆறும் நல்லாத்தானே சார் இருக்கும்?”

“எந்த ஆறுல உங்க குடும்பத்தை உக்கார வைக்கட்டும்?” என்று கத்தினேன். ஹாங்கரே திரும்பிப் பார்த்தது. முத்திரையைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை. முதலிலிருந்து எண்பதையும் பார்த்தோம். ஒன்றுகூடப் பழுதில்லை, எல்லாம் பளிச்சென்று இருந்தன. விமானம் ஏழு இருபதுக்குக் கிளம்பியது. அந்த மட்டில் நான் யோக்கியன்தான். கதை இங்கே முடிந்திருந்தால் என் பேரை நானே மெச்சிக்கொண்டிருப்பேன்.

ஆனால் எங்கள் கம்பெனியில் ஒரு படிவம் இருக்கிறது. விமானம் தாமதமானால் அதை நிரப்ப வேண்டும். அதில் ‘தாமதத்துக்குக் காரணமானவர்’ என்று ஒரு கட்டம். அதில் ஒரு பேர் எழுதியே ஆக வேண்டும். விமானம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது என்று எழுத அதில் இடமில்லை.

ரிப்பன் அறையில் நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மச்சினன் கதவருகே நின்றிருந்தான். பேனாவைத் திறந்துகொண்டு ரிப்பன் அவனைக் கேட்டார். “பரிசோதகர் சைகை குடுக்காம நீ எப்படிச் சுத்தலாம்?”

“கை ஆடுச்சு சார். அதான் சுத்தினேன்.”

ரிப்பன் என்னிடம் திரும்பினார். “நீங்க சைகை குடுத்தீங்களா சார்?”

“நான் அவங்களுக்கு விளக்கிட்டு இருந்தேன்,” என்றேன்.

பொய்யா? இல்லை. சத்தியமான வார்த்தை. அதற்குப் பிறகு நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ரிப்பன் அந்தக் கட்டத்தில் மச்சினன் பேரையும், அதன் கீழே காரணத்தையும் எழுதினார். ‘சுற்றுபவரின் கவனக்குறைவு. சைகை இன்றிச் சுற்றினார்.’ அவன் எட்டிப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் மேசையிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஒரு வரி என்ன செய்யும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மச்சினன் பரிசோதகர் பரீட்சைக்கு இரண்டு வருஷமாகப் படித்துக்கொண்டிருந்தான். பதிவேட்டில் கவனக்குறைவு என்று ஏறிவிட்டால் மூன்று வருஷத்துக்குப் பரீட்சை எழுத விடமாட்டார்கள். அவனுக்கு வயது நாற்பது. நாற்பத்திரண்டுக்கு மேல் எழுத முடியாது. கணக்கு அவ்வளவுதான். அவன் கடைசிவரை கைப்பிடிதான் சுற்ற வேண்டும். பெயர்ப் பட்டியல் அடுத்த வெள்ளிக்கிழமை மூடிவிடும்.

அப்போது எனக்கு என் கை ஆடியது தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். நாலைந்து நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பேசும்போது கையை ஆட்டாமல் என்னால் ஒரு வாக்கியம் பேச முடியாது என்று ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாதா? ஆனால் நானே ஒத்துக்கொண்டால் முத்திரை போய்விடும். முத்திரை இல்லாத ரேடியோவை யார் கேட்பார்கள்? பயமாக இருந்தது. வேறு ஒன்றுமில்லை, பயம்தான்.

புதன்கிழமை அந்த நோட்டு அம்மா எடுத்த வீடியோ வந்து சேர்ந்தது. ‘ஜெட் இன்ஜினைப் பற்றி இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை’ என்று ஒரு கடிதமும் கூடவே. ரிப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. ஓரத்தில் மைக்கோடு அவரும் தெரிந்தார் அல்லவா! கேன்டீன் சுவரில் இருக்கும் டிவியில் அதை மூன்று முறை போட்டார். தலைமை அலுவலகத்துக்கும் அனுப்பிவிட்டார். எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். மச்சினன் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டான்.

எனக்கு மானம் என்று ஒன்று இருந்திருந்தால் அந்த வீடியோவை அப்படியே மறந்திருப்பேன். நான் என்ன செய்தேன்? சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டினேன். பெருமை!

என் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து ரத்த அணுக்களை எண்ணுவது அவள் தொழில். எண்ணிக்கையில் அவளை ஏமாற்ற யாராலும் முடியாது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முழுவதையும் பார்த்தாள். கை தட்டும் இடம் வந்தது. அவள் தட்டவில்லை.

“மறுபடி போடுங்க,” என்றாள்.

போட்டேன். பெருமையாகத்தான் போட்டேன்.

“சத்தத்தை நிறுத்துங்க.”

“சத்தம் இல்லாட்டி என்ன இருக்கு? விளக்கமே அதுலதானே இருக்கு!”

“நிறுத்துங்கங்க. தம்பி காதுல மூடி இருக்கு பாருங்க. அவனுக்கு நீங்க பேசினது எதுவும் கேட்டிருக்காது. அவன் பாத்ததை நானும் பாக்கறேன்.”

சத்தத்தை நிறுத்தினேன். திரையில் ஒருவன் வாயைத் திறந்து திறந்து மூடினான். பார்க்கவே அசிங்கமாக இருந்தது. அந்த அம்மா பக்கவாட்டில் நின்று எடுத்ததால், இன்ஜின் மூடிக்குக் கீழே மச்சினன் குனிந்து உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது. விசிறி காற்றை இழுக்கிறது என்று இடது கையை வீசினேன். அவன் கைப்பிடியைத் தள்ளினான், கோடு போட்டான். சுற்றிக்கொண்டு போகிறது என்று வீசினேன். தள்ளினான், கோடு போட்டான். என் மனைவி விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். ‘பேட்டரி’ என்று சொன்ன இடத்தில் நான் கையை ஓங்கி ஒரு வீசு வீசினேன்.

“ஆறு,” என்றாள்.

நான் செல்போனை அணைத்தேன்.

“இது உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?”

“சரியா ஞாபகம் இல்ல.”

“என்னைப் பாத்துச் சொல்லுங்க.”

நான் செல்போன் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தேன். அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அதில் எனக்குப் பழக்கம் உண்டு. அவள் கத்தவில்லை. “நாளன்னைக்குப் பட்டியல் மூடிடும்,” என்று மட்டும் சொல்லிவிட்டு, துவைத்த துணிகளை மடிக்க உட்கார்ந்துவிட்டாள். என் சட்டைகளை மட்டும் ஒதுக்கி என் பக்கம் தள்ளிவிட்டாள். இருபது வருஷத்தில் அன்றுதான் என் சட்டையை நானே மடித்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில், எங்கள் எல்லோர் வேலையையும் சரிபார்க்கும் தர அதிகாரியைப் பார்க்கப் போனேன். வழியில் ரிப்பனிடம் மாட்டிக்கொண்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

“சார், அந்த வீடியோ தலைமை அலுவலகம் வரைக்கும் போயிருக்கு சார். எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. இப்போ போய் அதுல தப்பு இருக்குன்னா நல்லாவா இருக்கும்? உங்க மச்சினன் கைப்பிடி சுத்தறதுல சந்தோஷமாத்தான் சார் இருக்கான். நான் அவன்கிட்டக் கேட்டேன்.”

“என்ன கேட்டீங்க?”

“சந்தோஷமாப்பான்னு கேட்டேன். ஒண்ணும் சொல்லல.”

தர அதிகாரி ஒரு அம்மா. வார்த்தைக்குப் பஞ்சம் வந்தவர் போலப் பேசுவார். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள் மேடம் என்று சொல்லி வீடியோவைப் போட்டுக் காட்டினேன். அவரும் விரலை மடக்கினார். பிறகு படத்தின் ஓரத்தைச் சுட்டிக்காட்டி, “வேலை நடக்கற இடத்துல மைக்கோட நிக்கறது யாரு?” என்றார். சொன்னேன். ரிப்பனுக்கு அன்றே ஓலை போனது. பரிசோதனை நடக்கும் இடத்துக்கு விருந்தினர் வரக்கூடாது என்று அடுத்த வாரம் சுற்றிலும் கயிறு கட்டினார்கள். அந்தக் கயிற்றையும் மனுஷன் திறப்புவிழா வைத்துத்தான் கட்டினார் என்பது வேறு விஷயம்.

அதிகாரி படிவத்தை எடுத்து, மச்சினன் பேரை ஒரே கோட்டில் அடித்தார். என் பேரை எழுதினார். “முத்திரை,” என்று கையை நீட்டினார். எடுத்து வைத்தேன். ஆறு மாதம் அது அவர் இழுப்பறையில் இருக்கும். அதுவரை நான் சுற்றுபவன். பரீட்சைப் பட்டியலில் கடைசிப் பேராக மச்சினன் பேரைச் சேர்த்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அன்னைக்கே ஏன் சொல்லல?”

ஜெட் இன்ஜினைப் பற்றி எதைக் கேட்டிருந்தாலும் பதில் சொல்லியிருப்பேன்.

வெளியே வந்ததும், வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. முத்திரையைத் துறந்தவன் அல்லவா! மச்சினன் கட்டிப்பிடித்துக்கொள்வான், கண் கலங்குவான், நான் பெருந்தன்மையாக அவன் தோளைத் தட்டுவேன் என்றெல்லாம் யோசித்துக்கொண்டே கருவி அறைக்குப் போனேன். அவன் கைப்பிடிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். ரிப்பன் முகம் வெளுத்தது, அதிகாரி விரல் மடக்கியது, முத்திரையை எடுத்து நான் மேசையில் வைத்தது, எல்லாவற்றையும் சொன்னேன்.

“பட்டியல்ல பேர் ஏறிடுச்சா மாமா?”

“ஏறிடுச்சு. என் கண்ணால பாத்தேன்.”

“சரி,” என்று சொல்லி, மறுபடி எண்ணெயைத் தொட்டான்.

“அவ்வளவுதானாடா மச்சான்? வேற ஒண்ணும் சொல்ல மாட்டியா?”

அவன் கைப்பிடியைக் கீழே வைத்தான்.

“பதினெட்டு வருஷமா உங்ககூட இருக்கேன் மாமா. சாப்பிடும்போது பேசுவீங்க. பல்லு விளக்கும்போது பேசுவீங்க. தூக்கத்துலயும் பேசுவீங்கன்னு அக்கா சொல்லுது. நீங்க வாயத் தொறக்காம இருந்து நான் பாத்தது அன்னைக்கு அந்த ரூம்ல மட்டும்தான்.”

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். என் இரண்டு கைகளும் தொங்கிக்கொண்டிருந்தன.

“தப்புதான்டா,” என்றேன்.

அவன் தலையை ஆட்டிவிட்டு, எண்ணெய்க் கையைக் கழுவப் போனான்.